நன்னூல் காட்டும் ஆசிரியர் அளவுகோலும் தொடக்கப்பள்ளி மாணவர் முன்னேற்றமும்: தொப்பம்பட்டி ஒன்றியச் சிறுபள்ளிச் சூழலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மாணவர் பெறும் மதிப்பெண்ணைக் கொண்டு ஆசிரியரின் தரத்தை முடிவு செய்யலாமா என்னும் வினா தொடக்கக் கல்வியில் தொடர்ந்து எழுகிறது. நன்னூலின் பொதுப்பாயிரம் ஆசிரியரைக் கற்பிக்கும் செயலாலும், மாணாக்கரைப் பாடம் கொள்ளும் திறத்தாலும் தனித்தனியே அளக்கிறது. அப்பாகுபாடு இன்றைய மதிப்பீட்டு முறைகளுக்கு, குறிப்பாக மாணவர் எண்ணிக்கை குறைந்த ஊரகப் பள்ளிகளுக்கு, எவ்வாறு பொருந்துகிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: நன்னூல், பொதுப்பாயிரம், ஆசிரியர் மதிப்பீடு, எண்ணும் எழுத்தும், ஈராசிரியர் பள்ளி.

முன்னுரை

ஆசிரியரையும் மாணவரையும் ஒரே எண்ணால் அளக்கும் முயற்சி தமிழகத்திற்குப் புதியதன்று. சென்னை மாகாணத்தில் 1860களில் தேர்வு முடிவுக்கேற்பப் பள்ளிகளுக்கு மானியம் வழங்கும் முறை நடைமுறைக்கு வந்தது. 1862இல் இங்கிலாந்தில் வகுக்கப்பட்ட விதித்தொகுப்பும் இக்கருத்தையே அடிப்படையாகக் கொண்டிருந்தது. ஆய்வாளர் வரும் நாளில் மாணவர் ஒப்பித்துக் காட்டும் பாடமே பள்ளியின் வருவாயாயிற்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இம்முறை கைவிடப்பட்டது. எனினும், அதன் அடிப்படை எண்ணமான ‘மாணவர் தேர்ச்சியே ஆசிரியர் தகுதி’ என்பது வேறு வடிவங்களில் நீடிக்கிறது.

பொதுப்பாயிரத்தில் ஆசிரியர்

பவணந்தியார் நல்லாசிரியருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் ஆகியவற்றை உவமையாக்குகிறார். ஆசிரியர் ஆகாதாருக்கு அவர் கூறும் உவமைகள் மதிப்பீட்டு நோக்கில் மேலும் பயனுடையவை. கழற்காய் பெய்த குடம், இட்ட முறையிலன்றிப் பிறழ வெளிப்படுத்தும். இது பாட ஒழுங்கின்மை. மடற்பனை தானே உதிர்த்தாலன்றித் தன்னை அணுகிப் பறிப்போர்க்குப் பயன் தராது. இது மாணவர் அணுக இயலாமை. பருத்திக் குண்டிகை அரிதின் அடைக்கப்பட்டுப் பிறர்க்கு எளிதில் தராது. இது விளக்கக் குறைபாடு. முடத்தெங்கு தன்னை வளர்த்தாரை விடுத்து அயலார்க்குக் காய் உதிர்க்கும். இது தன்னைச் சார்ந்தோரைப் புறக்கணித்தல்.

இந்நான்கும் வகுப்பறையில் கண்டறியத்தக்க செயல்கள். இவற்றுள் ஒன்றேனும் மாணாக்கரின் தேர்ச்சியைச் சான்றாகக் கேட்கவில்லை. நல்லாசிரியர் இலக்கணத்தில் குலத்தையும் நன்னூல் சேர்த்துள்ளமை இன்று ஏற்கத்தக்கதன்று. அதனை நீக்கிய பின்னும் செயல்சார்ந்த அளவுகோல் குறைவின்றி நிற்கிறது.

கற்றலின் பங்கீடு

மாணாக்கர் ஆசிரியரிடம் நன்கு கேட்டாலும் காற்பங்கே கொள்வர் என்றும், உடன் பயில்வோரோடு பழகுவதால் மற்றொரு காற்பங்கும், தாம் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப்பங்கும் நிரம்பும் என்றும் பொதுப்பாயிரம் வகுக்கிறது. இது முதிர்ந்த மாணாக்கரின் நூற்கல்வியை எண்ணிக் கூறியது. தொடக்கப்பள்ளிக் குழந்தைக்கு இப்பின்னங்களை அவ்வாறே பொருத்துதல் கூடாது. ஆயினும், கற்றலின் முழு விளைவையும் ஆசிரியர் ஒருவரின் கணக்கில் எழுத இயலாது என்னும் கோட்பாடு இங்குத் தெளிவாகிறது. உடன் பயில்வோரும் எடுத்துரைக்கும் வாய்ப்பும் இல்லாத வகுப்பில் சிறந்த ஆசிரியரின் உழைப்பும் முழுமையாக வெளிப்படாது.

சிறுபள்ளியின் எண்கணக்கு

திண்டுக்கல் மாவட்டத்தின் 14 ஊராட்சி ஒன்றியங்களுள் பழனியை அடுத்த தொப்பம்பட்டியும் ஒன்று. இத்தகைய ஊரக ஒன்றியங்களில் ஒரே ஆசிரியர் பல வகுப்புகளைச் சேர்த்துக் கற்பிக்கும் சிறுபள்ளிகளே சிற்றூர்க் குழந்தைகளின் முதற்கல்விக்கு இடமாகின்றன. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 60 மாணவர் வரையுள்ள தொடக்கப்பள்ளிக்கு 2 ஆசிரியர் என வரையறுக்கிறது. அவ்விருவரும் 5 வகுப்புகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் 8 மாணவர் உள்ள ஒரு பள்ளியைக் கருதுவோம். ஒரு குழந்தை தேர்வுக்கு வராமற்போனாலோ, பெற்றோரின் பிழைப்பை ஒட்டி வேறூர் சென்றாலோ தேர்ச்சி விழுக்காடு 12.5 வரை மாறிவிடும். ஆசிரியரின் கற்பித்தலில் எம்மாற்றமும் இல்லாமலே அவர் ‘சிறந்தவர்’ ஆகவோ ‘பின்தங்கியவர்’ ஆகவோ காட்டப்படுவார்.

இறுதி மதிப்பெண்ணை மட்டும் நோக்குவதும் பிழைபடும். 20இலிருந்து 45க்கு உயர்ந்த மாணவரின் வளர்ச்சி 25. 70இலிருந்து 75க்கு உயர்ந்தவரின் வளர்ச்சி 5. இறுதிப் பட்டியலோ இரண்டாமவரின் ஆசிரியரையே உயர்த்தும். எழுத்தறியாக் குழந்தையோடு உழைத்தவர் தண்டிக்கப்படுவார்.

வகையும் நிலையும்

நன்னூல் மாணாக்கரை அன்னம், ஆ, மண், கிளி, இல்லிக்குடம், ஆடு, எருமை, நெய்யரி என மூன்று தரத்தில் எட்டாகப் பகுக்கிறது. இவை கற்கும் பாங்கை உணர்த்தும் உவமைகளாயினும், இயல்பு மாறாதது என்னும் தொனி அவற்றில் உண்டு. தமிழக அரசு 2022இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் எனக் கற்றல் நிலைகளுக்குப் பெயரிட்டது. அரும்பு மலராகும், எருமை அன்னமாகாது. பெயரீட்டிலேயே வகைமையிலிருந்து வளர்ச்சிக்குப் பார்வை மாறியுள்ளது. எனினும் ‘அரும்பு’ என்பது ஒரு குழந்தையின் நிலையான அடைமொழியாகிவிட்டால் அப்பயன் கெடும்.

2012-13இல் அறிமுகமான தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில் வளரறி மதிப்பீட்டிற்கு 40, தொகுத்தறி மதிப்பீட்டிற்கு 60 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. வளரறி மதிப்பெண்ணை வழங்குபவர் வகுப்பாசிரியரே. அதே எண் அவரையும் அளக்குமாயின், குழந்தையின் குறையை உள்ளவாறு பதிவு செய்வது அவருக்கே இழப்பாகும். அந்நிலையில் நிறைகோல் சாயும், குறை மறையும், உதவி தேவைப்படும் குழந்தை பதிவேட்டில் தேர்ந்ததாகவே காட்டப்படும்.

மாற்றுச் சான்று

ஆந்திரப் பிரதேச ஊரகத் தொடக்கப்பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் நடத்திய ஆய்வு இதற்கு எதிரான சான்றுபோல் தோன்றலாம். மாணவரின் சராசரி வளர்ச்சிக்கேற்ப ஆசிரியர்க்கு ஊக்கத்தொகை வழங்கப்பட்ட பள்ளிகளில், இரண்டாண்டு முடிவில் கணிதத்தில் 0.27, மொழியில் 0.17 திட்ட விலக்க அளவில் தேர்ச்சி உயர்ந்தது. ஆனால், அங்கு அளக்கப்பட்டது வளர்ச்சியே. தேர்வை நடத்தியோர் அப்பள்ளி ஆசிரியர் அல்லர். ஆசிரியரின் வருகைப்பதிவில் மாற்றம் காணப்படவில்லை. கூடுதல் வகுப்பு, பயிற்சித் தேர்வு, பின்தங்கியோர்மீது தனிக்கவனம் என ஆசிரியர்கள் கூறிய செயல்களிலேயே மாற்றம் இருந்தது. எண் உயர்ந்தபோதும் அதனை விளக்கியது கற்பித்தற் செயலே.

முடிவுரை

மாணவர் மதிப்பீடு அடுத்து எதைக் கற்பிப்பது என்பதைக் காட்ட வேண்டும். ஆசிரியர் மதிப்பீடு எவ்வாறு கற்பிக்கிறார் என்பதை நோக்க வேண்டும். பாட ஒழுங்கு, அணுகுமை, விளக்கத் தெளிவு, தம்மைச் சார்ந்தோரிடம் நடுநிலை ஆகிய நான்கையும் வகுப்பறை நோக்கலுக்குரிய கூறுகளாக நன்னூலிலிருந்து பெறலாம். சிறுபள்ளியில் ஒவ்வொரு குழந்தையின் வளர்ச்சியையும் பெயர் சொல்லிப் பேச இயலும். அங்கு விழுக்காட்டைவிடக் குழந்தைவாரியான பல பருவப் பதிவே நம்பத்தக்கது. அப்பதிவு உண்மையாக அமைய, அது ஆசிரியர்க்கு எதிரான ஆவணமாகப் பயன்படாது என்னும் உறுதி முதற்கண் வேண்டும்.