பாட்டியைக் கும்மிக்கு விடுங்கள்

கொங்கு நாட்டுக் கோயில் திடலில் வள்ளி கும்மி நடக்கும்போது, வட்டத்துக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒரு வரிசை உட்கார்ந்திருக்கும். கை தாளம் போடும். எழுந்திருக்க மட்டும் தயக்கம். "இந்த வயசுல விழுந்து கெடக்காதீங்கம்மா" என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருப்பார்கள். இதே வள்ளி கும்மியைக் கற்றுக்கொடுத்ததற்காகக் கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் 2024இல் பத்மஸ்ரீ பெற்றபோது அவருக்கு வயது 87.

விழுந்துவிடுவோம் என்று உட்கார்ந்தே இருந்தால் தொடைத் தசை வற்றும். அப்புறம்தான் உண்மையிலேயே விழுவோம். கும்மியில் பக்கவாட்டில் கால் வைக்கிறோம், குனிந்து நிமிர்கிறோம், பாட்டோடு அடியையும் நினைவில் வைக்கிறோம். நேர்கோட்டில் நடக்கும் நடைப்பயிற்சியில் இதில் பாதி கிடையாது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பும், அதில் 3 நாளாவது தடுமாறாமல் நிற்கப் பழக்கும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குக் குனிந்து சட்டென்று நிமிர்ந்தால் கிறுகிறுக்கலாம், மெதுவாக நிமிருங்கள். இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் ஆடினால் சர்க்கரை இறங்கி உடம்பு நடுங்கும், வியர்க்கும். முந்தானையில் கொஞ்சம் சர்க்கரையோ குளுக்கோஸோ முடிந்துகொள்வது நல்லது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் ஆடவே கூடாது. கல் குத்தியதே தெரியாது. ஈரமான டைல்ஸ் தரையும் தரையைக் கூட்டும் புடவையும் ஆகாது. முட்டி ஒத்துழைக்கவில்லையா? நாற்காலியை வட்டத்துக்குள் இழுத்துப் போட்டு, உட்கார்ந்தபடியே கைதட்டிக் கால் தூக்கலாம். ஆடும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும். பேச்சு திக்கினால் வேகத்தைக் குறையுங்கள். நெஞ்சு இறுகினால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு 108ஐ அழையுங்கள். வாயுப் பிடிப்பு என்று சோடா வாங்கிக் குடித்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பிரஷர், சர்க்கரை மருந்தும் முட்டிக்கு இயன்முறைச் சிகிச்சையும் வீடு தேடி வரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கிறது. வைத்தியத்துக்குப் பிள்ளைகள் பணம் தர மறுத்தால், பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007இன்படி கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம். பராமரிப்பு என்பதில் மருத்துவச் செலவும் சேர்த்தி. எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், முதியோர் உதவி எண் 14567க்குப் பேசுங்கள். கட்டணம் கிடையாது.