கொத்தனார் கிடைத்தால் வீடு குளிரும்

மார்ச் பிறந்துவிட்டால் எருத்தேன்பதியில் பகல் நேரத்தில் வீட்டுக்குள் இருப்பதைவிட மரத்தடியே மேல். கேரளத்துக்குப் பெயர் வாங்கித் தந்த மழை, சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் கணக்குப் பார்த்துத்தான் பெய்கிறது. 2024 ஏப்ரலில் பாலக்காடு மாவட்டத்துக்கு வெப்ப அலை எச்சரிக்கை வந்தபோது ஊரே வெயிலைப் பற்றிப் பேசியது. கூரையைப் பற்றி யாரும் பேசவில்லை. சிமென்ட் ஷீட்டுக்கும் வெறும் தார்சுக்கும் அடியில், மின்விசிறி அதே சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி முகத்தில் அடிக்கிறது. கரண்ட் பில் தனி. சமையற்கட்டில் தென்னை மட்டைப் புகை.

இதற்கான விடை பக்கத்து மாவட்டத்திலேயே இருக்கிறது, நாற்பது ஆண்டுகளாக. முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளாதார அறிஞர் கே.என்.ராஜ், கட்டடக்கலைஞர் லாரி பேக்கர், டி.ஆர்.சந்திரதத் ஆகியோர் 1985இல் திருச்சூரில் தொடங்கிய ‘காஸ்ட்ஃபோர்டு’ அமைப்பு ஏழை வீடுகளுக்காகவே எலிப்பொறிக் கட்டு என்ற சுவர் முறையைப் பரப்பியது. செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி வைப்பார்கள். சுவர் அதே ஒன்பது அங்குலம்தான், ஆனால் நடுவே மூன்று அங்குலம் காற்று. செங்கலில் ஏறக்குறைய கால்பங்கு மிச்சம். வெளிச்சூடு உள்ளே வரத் தாமதமாகும். தார்சிலும் அதே கெட்டிக்காரத்தனம். தளத்தின் அடிப்பாகத்தில் இழுவையைத் தாங்குவது கம்பிதான்; அங்கே கான்கிரீட் பெரும்பாலும் இடத்தைத்தான் அடைக்கிறது. அதை எடுத்துவிட்டுப் பழைய மங்களூர் ஓட்டைப் பதித்தால் சிமென்டும் குறையும், சூடும் குறையும்.

அடுப்புக்கும் வெளியூர் போக வேண்டாம். கேரளத்தின் மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் கிராமத் தொழில்நுட்ப மையம் இதே மாவட்டத்து முண்டூரில்தான் இருக்கிறது. புகைபோக்கி வைத்த பரிஷத் அடுப்பு, கொதிக்கவைத்த அரிசியைப் பானையோடு உள்ளே வைத்து மூடினால் தீயில்லாமலே வெந்துவிடும் சூடாறாப்பெட்டி என்று கேரளத்து அடுக்களைகளுக்கு அவர்கள் தந்தவை பல. உலகில் ஆண்டுக்குச் சுமார் 30 லட்சம் பேரை வீட்டுப் புகை கொல்கிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

அப்படியானால் எருத்தேன்பதி ஏன் இன்னும் வேகிறது? பணமில்லை என்பார்கள். பாதி உண்மை. என் கணக்கில் பெரிய பஞ்சம் கொத்தனாருக்குத்தான்.

எலிப்பொறிக் கட்டில் செங்கல் ஒழுங்காக இல்லாவிட்டால் கட்டு நிற்காது; கலவை உள்ளே விழுந்தால் காற்றறை அடைந்துபோகும். அவசரக் கைக்கு இது ஒத்துவராது. சதுர அடிக்குப் பேசி வேலை எடுப்பவர் ஏன் மெனக்கெட வேண்டும்? பொருள் செலவில் சதவீதம் பார்க்கும் ஒப்பந்தக்காரருக்கோ மிச்சம் என்பதே நஷ்டம். அடுப்பின் கதையும் இதுதான். 1980களில் தொடங்கி 2002இல் முடிந்த தேசியப் புகையில்லா அடுப்புத் திட்டத்தில் 3 கோடிக்கு மேல் அடுப்புகள் போடப்பட்டன. விரிசல் விட்டதைப் பூசவும் குழாயில் கரி தட்டவும் ஆளில்லாமல் ஏராளமானவை இடிபட்டன.

ஆகவே இப்படி வீடும் அடுப்பும் கட்டித்தரும் அமைப்பை நடத்துபவர் கட்டடக்கலைஞராக இருப்பதைவிட நல்ல மேஸ்திரியாக இருப்பது முக்கியம். நன்கொடை தருபவர் கேட்பது ‘இந்த வருடம் எத்தனை வீடு?’ என்றுதான். எத்தனை பேருக்குக் கை பழகியது என்று கேட்பதில்லை. பழகும் காலத்துக்குக் கூலி தர எந்தத் திட்டத்தில் பணம் ஒதுக்குகிறார்கள்? அரைகுறையாகப் பழகியவர் அடுத்த வாரமே கோவைக்குப் பெரிய கட்டட வேலைக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல முடியாது.

இந்தப் பக்கம் இன்னொரு சிக்கலும் உண்டு: கரிசல். ஈரத்தில் உப்பி, வெயிலில் பிளக்கும் மண். திருச்சூர் வரைபடத்தை அப்படியே கொண்டுவந்து இறக்கினால் அஸ்திவாரம் அசையும், சுவர் வாய் பிளக்கும். மண்ணின் குணம் தெரிந்த உள்ளூர்க் கை இதற்காகவும் வேண்டும்.

கேஸ் வந்துவிட்டது, அடுப்புப் பேச்சு எதற்கு என்பவர்களும் உண்டு. சிலிண்டர் விலை ஏறும் மாதத்தில் மட்டை சும்மா கிடைக்கிறது என்பதோடு அதை விட்டுவிடலாம்.

கேரளத்தில் குடும்பஸ்ரீ மகளிர் குழுப் பெண்கள் கொத்து வேலை பழகி, அரசின் லைஃப் வீட்டுத் திட்ட வீடுகளையே கட்டி முடித்திருக்கிறார்கள். எருத்தேன்பதியிலும் வடகரப்பதியிலும் காலமெல்லாம் சித்தாளாகச் சட்டி சுமக்கும் பெண்கள் இருக்கிறார்கள். வீட்டையும் பிள்ளையையும் விட்டு அவர்கள் வெளியூர் ஓடுவது அபூர்வம். அடுத்த நிதியாண்டுக்குத் திட்டம் எழுதுபவர்கள், பத்து வீட்டைக் குறைத்து அந்தப் பணத்தில் அவர்கள் கையில் கொத்துக்கரண்டியைக் கொடுத்து, அவர்கள் பேசும் தமிழிலேயே சொல்லித்தர ஒரு மேஸ்திரியையும் உடன் வைக்கட்டும்.