வெந்நீரும் உடல் வலியும்

குழித்தறியில் அமர்ந்து நாள் முழுதும் மிதிக்கட்டையை மிதிப்பவரை, மாலையில் வலிப்பது இடுப்பா, முழங்காலா என்று கேட்டால், இரண்டுமே என்பார். சென்னிமலையிலும் பவானியிலும் நெகமத்திலும் விடை இதுவேயாகும். ஈரோட்டுப் பக்கத்துத் தோட்டங்களில் மஞ்சள் வெட்டும் குடியானவர்களுக்கோ முதுகும் தோளும் சேர்ந்து வலிக்கின்றன. வலி மிகும்போது கடையில் மாத்திரை வாங்கி விழுங்குவதே இன்று வழக்கமாகிவிட்டது. வைத்தியரைக் கேளாமல் அன்றாடம் உண்ணப்படும் வலி மாத்திரை, வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக் கூடியது. ஆகவே, செலவில்லாத வெந்நீரைச் சரியாகப் பயன்படுத்தும் முறையை நமது அங்கத்தினர்கள் அறிந்திருப்பது நலம்.

வெந்நீர் நமக்குப் புதிதன்று. பிள்ளை பெற்றவளுக்கு நொச்சித் தழை இட்டுக் காய்ச்சிய நீர், சளிக்கு வேது, பிடிப்புக்கு உப்பு ஒத்தடம் என நம் பாட்டிமார் கையாண்டதே இது. காந்தியடிகளும் நீர்ச் சிகிச்சையில் பெரும் நாட்டம் கொண்டிருந்தார். 1946இல் பூனாவுக்கு அருகே உருளிகாஞ்சன் என்னும் கிராமத்தில் இயற்கை மருத்துவ நிலையம் ஒன்றைத் தொடங்கினார்.

வெதுவெதுப்பான நீர் பட்டதும் தோலின் கீழுள்ள இரத்தக் குழாய்கள் விரிகின்றன; இரத்த ஓட்டம் பெருகுகிறது; இறுகிய தசை தளர்கிறது. சூட்டை உணரும் நரம்புகள் விழித்துக்கொள்வதால் வலியின் உணர்ச்சியும் மங்குகிறது. இவ்வளவுக்கும் மிதமான சூடே போதும். நீர் எவ்வளவு கொதிக்கிறதோ அவ்வளவு குணம் என்று பலர் எண்ணுகின்றனர். அது தவறு. 60 டிகிரி சூடுள்ள நீர் சில நொடிகளிலேயே தோலை வேகவைத்துவிடும்.

வேண்டிய சூடு 38 முதல் 40 டிகிரி. அதாவது, உடற்சூட்டைவிடச் சற்றே மேல். வெப்பமானி இல்லாத வீட்டில், கொதிநீர் ஒரு செம்புக்குக் கிணற்று நீர் ஐந்து செம்பு என்ற கணக்கில் கலந்தால் ஏறக்குறைய இந்தச் சூடு அமையும். முதலில் தண்ணீரை ஊற்றி, அதன் பிறகே கொதிநீரைச் சேர்க்க வேண்டும். முழங்கையை நனைத்துப் பார்த்து, இதமாக இருந்தால் சரி. தறி மிதித்த கால்களைக் கெண்டைச் சதை மூழ்கும்படி அகன்ற பாத்திரத்தில் 15 நிமிடம் வைத்திருக்கலாம். இடையில் நீர் ஆறினால், காலை வெளியே எடுத்துவிட்டுத்தான் சூடுநீர் சேர்க்க வேண்டும். இடுப்புக்கும் தோளுக்கும் தேங்காய்ப்பூத் துண்டை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து போட்டாலே போதுமானது. நீரிலிருந்து எடுத்ததும், தசை தளர்ந்திருக்கும்போதே, கணுக்காலையும் முழங்காலையும் மெல்ல மடக்கி நீட்டுவது நல்லது. இதைச் செய்யாமல் விடுவோர்தாம் அதிகம்.

கூலிக் கணக்கும் கடன் தவணையும் மனத்தை வாட்ட, படுத்தும் உறக்கம் வராதவர்களுக்கும் இது உதவும். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னதாக வெந்நீரில் குளித்தால், உள்ளங்கை, உள்ளங்கால் வழியாக உட்சூடு வெளியேறி உடல் குளிர்கிறது. அந்தக் குளிர்ச்சியே உறக்கத்தை அழைத்து வருகிறது. இது பற்றி நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான அமெரிக்க அறிக்கை ஒன்று, இவ்வாறு குளிப்போர் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாகவே உறங்கிவிடுகின்றனர் என்கிறது. பத்து நிமிடம் பெரிதா என்று கேட்பவர், உறக்கம் வராமல் புரண்டறியாதவராக இருக்க வேண்டும்.

எம் தெருவில் மூத்த நெசவாளர் ஒருவர், நீரிழிவால் பாதம் மரத்துப் போனவர், கால் வலிக்கு வெந்நீர் வைத்தார். சூடு அவருக்குத் தெரியவில்லை. மறுநாள் பாதமெங்கும் கொப்புளம். புண் ஆறப் பல மாதங்கள் ஆயின. அத்தனை நாளும் தறி நின்றது. நீரிழிவுள்ளவர்கள் மரத்த பாதத்தை வெந்நீரில் வைக்கவே கூடாது. புதிதாக ஏற்பட்ட அடி, சுளுக்கு ஆகியவற்றுக்கு முதல் இரண்டு நாள் குளிர்ந்த நீர்த் துணியே ஏற்றது. வெந்நீர் வீக்கத்தைப் பெருக்கும். சிவந்து கொதிக்கும் மூட்டு, திறந்த புண், காய்ச்சல் ஆகியவை உள்ளபோதும் வெந்நீர் ஆகாது. இருதய நோயாளரும் கர்ப்பிணிகளும் வைத்தியரைக் கேட்ட பின்பே வெந்நீரில் அமரலாம். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலும், இடுப்பு வலியோடு கால் வலுவிழந்தாலும், சிறுநீர் அடைபட்டாலும், ஒத்தடம் கொடுத்துக்கொண்டிராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

வெந்நீரிலிருந்து எழும்போது தலை சுற்றுவதுண்டு. ஆகையால் சற்று உட்கார்ந்திருந்து, சுவரைப் பிடித்து எழுக. கால்களைத் துடைத்து, விரல் இடுக்குகளில் ஈரம் நில்லாமல் உலர்த்திக்கொள்க. பாத்திரத்தில் ஆறிய நீரை வாசல் முருங்கைக்கு ஊற்றிவிடலாம்.