உங்களுக்குத் தெரியுமா? எண்ணெய்த் தொட்டியும் குடிதண்ணீரும்

★ பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதம்வரை இருக்கலாம் என்கிறது இந்தியத் தர விதி. குடிநீரில் அது லிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது அமெரிக்க விதி. இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் பென்சீன் 15 லட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கெடுக்கப் போதும். 12,000 லிட்டர் லாரியில் 125 லோடுக்கும் மேல்! எண்ணெய்தான் மேலே மிதக்குமே, வழித்தெடுத்தால் போயிற்று என்று நினைக்க வேண்டாம். புற்றுநோய் தரும் இந்தப் பென்சீன் கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரைந்து, நிலத்தடி ஓட்டத்தோடு போய்விடும்.

★ அமெரிக்கக் கடற்படை, ஹவாயின் ஓவாஹு தீவில் ரெட் ஹில் என்ற குன்றைக் குடைந்து 20 எரிபொருள் தொட்டிகளைக் கட்டியது. 1940இல் தொடங்கிய வேலை 1943இல் முடிந்தது. ஒவ்வொரு தொட்டியும் 250 அடி உயரம். கொள்ளளவு சுமார் 4.7 கோடி லிட்டர். எதிரி விமானத்தின் கண்ணில் படாத இடம்தான். ஆனால் தொட்டிகளுக்கு 100 அடி கீழே இருந்தது, ஹொனலுலு நகரம் குடிக்கும் நிலத்தடி நீர். 2014இல் ஒரு தொட்டியிலிருந்து ஒரு லட்சம் லிட்டர் ஒழுகியது. தொட்டிகள் அப்போதும் மூடப்படவில்லை. 2021 மே மாதம் சிந்திய விமான எரிபொருள், தீயணைப்புக் குழாய் ஒன்றுக்குள் போய்த் தேங்கிக் கிடந்தது. நவம்பரில் சுரங்கத்துக்குள் ஓடும் சிறு ரயில் வண்டி அந்தக் குழாயில் மோத, அத்தனையும் கொட்டியது. சில நாட்களில் குழாய்த் தண்ணீரில் எண்ணெய் வாடை. அந்தக் குடிநீர் அமைப்பை நம்பியிருந்தவர்கள் சுமார் 93,000 பேர். தொட்டிகளை நிரந்தரமாக மூடும் அறிவிப்பு 2022 மார்ச்சில்தான் வந்தது.

★ இவ்வளவு பெரிய தொட்டிகளுக்கு விதி இல்லையா? இருந்தது, ஆனால் விலக்கோடு. நிலத்தடி எண்ணெய்த் தொட்டிகளுக்கு அமெரிக்கா 1988இல் விரிவான விதிகள் போட்டபோது, ஆலையில் செய்து கொண்டுவராமல் இருக்கும் இடத்திலேயே கட்டிய ராட்சதத் தொட்டிகளுக்கு அவற்றில் பலவற்றை ஒத்திவைத்தது. அந்தச் சலுகை நீங்கியது 2015இல். தெருமுனை பெட்ரோல் பங்குக்கு முதலில் கெடுபிடி, மலைக்குள் இருந்த கடலளவு எண்ணெய்க்குக் கடைசியில்!

★ பெட்ரோல் பங்கில் நீளக் கோலை விட்டு இருப்பு அளப்பதைப் பார்த்திருப்பீர்கள். அமெரிக்க விதியில் அந்தக் கணக்கும் ஒரு கசிவுச் சோதனை. மாத முடிவில் கையிருப்புக் கணக்கு, விற்பனையில் 1 சதவீதம், அதோடு 130 காலன், இவ்வளவுக்குள் முன்னேபின்னே இருந்தால் சரி. 130 காலன் என்றால் ஏறக்குறைய 490 லிட்டர். முதல் துணுக்கில் போட்ட கணக்கோடு பெருக்கிப் பாருங்கள்! நல்லவேளை, இந்த முறையைக் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே அனுமதித்தார்கள்.

★ காற்றைக் காக்கப் போய்த் தண்ணீரைக் கெடுத்த கதையும் உண்டு. புகையைக் குறைக்கப் பெட்ரோலில் கலந்த எம்டிபிஇ என்ற பொருள் நீரில் சட்டென்று கரையும். 1996இல் கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரம் கிணறுகளை மூடியது. நகரத் தண்ணீரில் பாதி அதோடு போயிற்று.

★ இங்கிலாந்தின் 2001ஆம் ஆண்டு விதிப்படி, தொட்டியைச் சுற்றிக் கட்டும் தடுப்பு, தொட்டியின் கொள்ளளவில் 110 சதவீதம் பிடிக்க வேண்டும். அந்தத் தடுப்பில் வடிகால் வால்வு எதுவும் இருக்கக் கூடாது என்பதுதான் இதில் கெட்டிக்காரத்தனம். இருந்தால், மழைநீரை வெளியேற்றத் திறந்தவர் மூட மறப்பார்.

★ கனடாவின் ஒன்டாரியோவில், வாக்கர்டன் ஊர்க் குடிநீரில் கிருமி கலந்து 2000இல் 7 பேர் இறந்தார்கள். அதன் விளைவாக வந்த 2006ஆம் ஆண்டுத் தூயநீர்ச் சட்டத்தின் கீழ், குடிநீருக்கு ஆபத்தானவை என்று போட்ட பட்டியலில் எரிபொருளைச் சேமிப்பதும் கையாள்வதும் இடம்பெற்றன. ஊர்க் கிணற்றைச் சுற்றி 100 மீட்டர் வட்டம்தான் அங்கே மிகக் கண்டிப்பான வளையம்.

★ யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. சுண்ணாம்புப் பாறைக்குள் தங்கும் மழைநீர்தான் கிணறுகளுக்கு ஆதாரம். வெடிப்பும் துளையும் நிறைந்த அந்தப் பாறையில் எதைக் கொட்டினாலும் நெடுந்தூரம் போகும். அங்குள்ள சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடிய மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் கலந்தபோது, சனங்கள் வாளியோடு பவுசர் லாரித் தண்ணீருக்குக் காத்து நிற்க வேண்டியதாயிற்று. வழக்கு இலங்கையின் உச்ச நீதிமன்றமான உயர் நீதிமன்றம்வரை போனது. அங்கே மின் உற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி இலங்கை ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு. கிணறு பாழான வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்தால், இது பெரிய தொகையே அல்ல.

★ சென்னை தண்டையார்பேட்டையிலும் 2013இல் நிலத்தடி நீரில் எரிபொருள் கலந்தது. அங்கே தொட்டியைவிட, தரைக்கடியில் ஓடிய குழாயே வில்லன்.

★ காலித் தொட்டி வெள்ளத்தில் மிதக்கும். புதைத்த தொட்டியும் மண்ணைப் பிய்த்துக்கொண்டு மேலே வரும். 2013 வெள்ளத்தில் ஜெர்மனியின் டெக்கன்டார்ஃப் பகுதி வீடுகளில், குளிர்காய வைத்திருந்த எண்ணெய் தண்ணீரோடு கலந்து சுவர்களில் ஊறியது. பல வீடுகளை இடிக்க வேண்டி வந்தது. வெள்ள அபாயப் பகுதிகளில் புதிதாக எண்ணெய்க் கணப்பு வைப்பதை 2018இல் ஜெர்மனி பொதுவாகத் தடைசெய்தது. ஏற்கெனவே இருப்பவற்றை வெள்ளம் தாங்கும்படி மாற்ற, அபாயத்தின் அளவைப் பொறுத்து 2023, 2033 என இரண்டு கெடு.