உள்ளங்காலில் கேட்கும் தாளம்

கோலார் தங்கவயலில் சுரங்கம் ஓடிய நாட்களில், மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தில் அழுத்தம் தாங்காமல் பாறை வெடிக்கும். ‘ராக் பர்ஸ்ட்’ என்பார்கள். மேலே தொழிலாளர்களின் லைன் வீடுகளில் பாத்திரங்கள் கடகடக்கும். அதிர்வு உள்ளங்காலில் ஏறும். காது கேளாதவருக்கும் அதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2001இல் சுரங்கம் மூடப்பட்டுவிட்டது. ஆனால் காலால் கேட்க முடியும் என்ற அந்த ஊர் அனுபவம், இசை சொல்லித்தரும் எவருக்கும் இன்றும் பாடம்தான்.

ஒலி என்பதே அதிர்வு. காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கிறது. தோலுக்கு எட்டுவது சுமார் 1,000 ஹெர்ட்ஸ் வரைதான். 250 ஹெர்ட்ஸ் அருகே அதன் உணர்வு மிகக் கூர்மை. தோலுக்கடியில் வெங்காயம்போல் அடுக்கடுக்காக அமைந்த பசீனி நுண்ணுறுப்புகள் இந்த வேலையைச் செய்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவே இருக்கும். பறையின் அடியும், மிருதங்கத்தின் இடந்தலைக் கும்காரமும் இந்த எல்லைக்குள் வந்துவிடுகின்றன.

ஸ்காட்லாந்தில் 1965இல் பிறந்த ஈவ்லின் கிளெனி, 12 வயதுக்குள் செவித்திறனில் பெரும்பகுதியை இழந்தார். பள்ளி ஆசிரியர் பெருமுரசை வாசிக்க, அவர் வகுப்பறைச் சுவரில் கைவைத்து நின்று பழகினார். தாழ்ந்த ஒலி காலிலும் பாதத்திலும், உயர்ந்த ஒலி முகத்திலும் கழுத்திலும் படுவதைப் பிரித்தறிந்தார். தாளவாத்தியக் கலைஞராக உலக மேடைகளில் வெறுங்காலோடு வாசிக்கிறார்.

காதை மட்டும் நம்பாமல் இசை கற்பதற்கான வழி நம் இசையில் ஏற்கெனவே இருக்கிறது. ஆதி தாளத்தின் எட்டு அட்சரங்களும் கையிலேயே குடியிருக்கின்றன: ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. கேளாத பிள்ளை இதைக் கண்ணால் பார்த்துப் பிடிக்கும். பார்வையில்லாத பிள்ளையின் தொடையில் ஆசிரியர் தட்டிக் காட்டலாம். மெதுவாகக் கற்கும் பிள்ளைக்கு முதல் நான்கு அட்சரங்களே ஒரு மாதப் பாடமாக இருக்கட்டும்.

பார்வையில்லாத பிள்ளைக்கு மரபே துணை நிற்கிறது. கேட்டுப் பாடம் பண்ணுவதே நம் மரபு, ஏடு பிறகுதான். கர்நாடகத்தின் கதக் நகரில் உள்ள வீரேசுவர புண்ணியாசிரமம் இதற்குச் சான்று. பார்வையற்ற பஞ்சாட்சர கவாயி, பார்வையற்ற புட்டராஜ கவாயியை (1914–2010) இசைக்கலைஞராக்கினார். சீடர் பின்னர் குருவாகி, பார்வையற்ற பிள்ளைகள் பலருக்கு இசை தந்தார். 2010இல் பத்மபூஷண் பெற்றார். சென்னையின் வயலின் மேதை எம். சந்திரசேகரன் இரண்டு வயதில் பார்வையை இழந்தவர். அவருக்கு முதல் குரு அவருடைய தாய் சாருபாலா மோகன்.

இப்படி எல்லாப் பிள்ளைகளுக்கும் இசை சொல்லித்தரப் பெரிய செலவு வேண்டியதில்லை. உள்ளே வெற்றிடமுள்ள மரமேடை ஒன்று போதும். பிள்ளைகள் செருப்பைக் கழற்றிவிட்டு அதில் நிற்கட்டும், அருகே மேடையைத் தொட்டபடி தவில் ஒலிக்கட்டும். ஊதிய பலூனை நெஞ்சோடு அணைத்தால் அதிர்வு இன்னும் தெளிவாக வரும். குச்சியைப் பிடிக்க முடியாத கைக்கு, குச்சியில் துணி சுற்றிப் பருமனாக்கித் தரலாம். இரைச்சல் தாங்காத பிள்ளை வாசலருகே உட்கார்ந்து கேட்கட்டும். பழகப் பழகத் தானாக உள்ளே வரக்கூடும்.

தங்கவயலின் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மண்ணின் அதிர்வை அறிந்தவர்கள். அன்று அந்த அதிர்வு ஏறினால், உள்ளே இறங்கியவர் பத்திரமாகத் திரும்ப வேண்டுமே என்று நெஞ்சு பதறும். அதே ஊரில் ஒரு பிள்ளை பறைமேல் உள்ளங்கையை வைத்து, அடுத்த அடி எப்போது வரும் என்று ஆசையோடு காத்திருக்கட்டும்.