பணவீக்கம் தணிந்தது, விலை இறங்கவில்லை

இலங்கையில் 2022 செப்டம்பரில் ஏறத்தாழ 70 விழுக்காடாக இருந்த பணவீக்கம், ஓராண்டில் 2 விழுக்காட்டுக்கும் கீழ் இறங்கியது. அப்படியென்றால் பொருள்களின் விலை குறைந்துவிட்டதா?

இல்லை. பணவீக்கம் என்பது விலை உயரும் வேகம். 100 ரூபாய்ப் பொருள் ஓராண்டில் 170 ரூபாயாகி, மறு ஆண்டு 172 ரூபாயானால், பணவீக்கம் வெகுவாகக் குறைந்துவிட்டதாகக் கணக்கு சொல்லும். வாங்குபவர் கொடுப்பதோ 172 ரூபாய்.

நெருக்கடிக்கு வரிக் குறைப்பும் ஒரு காரணம். 2019 இறுதியில் மதிப்புக்கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அரசாங்க வருவாய் சரிந்தது. கொவிட்-19 பரவலால் சுற்றுப்பயணிகளின் வருகை நின்று, அந்நியச் செலாவணிக் கையிருப்பும் கரைந்தது. 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இலங்கை நிறுத்திவைத்தது.

2023 மார்ச்சில் அனைத்துலகப் பண நிதியம் ஏறக்குறைய 3 பில்லியன் அமெரிக்க டாலர் கடனுதவிக்கு ஒப்புதல் அளித்தது. அதற்காக அரசாங்கம் வருவாயைப் பெருக்க வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் மதிப்புக்கூட்டு வரி 18 விழுக்காடானது.

நம் பொருள், சேவை வரியைப் போல, வசதி படைத்தவரும் இல்லாதவரும் இதை ஒரே விகிதத்தில் கட்டுகின்றனர். சேமிக்க முடிந்தவரைவிட, சம்பளம் முழுவதையும் செலவழித்துவிடும் தோட்டத் தொழிலாளிக்கே பாரம் அதிகம். அரசாங்க வருவாயும் வேண்டும், ஏழைகளின் சுமையும் குறைய வேண்டும் என்பதே இலங்கையின் இன்றைய சவால்.

இனி ‘பணவீக்கம் குறைந்தது’ என்ற செய்தியைப் படித்தால், மக்களின் சம்பளம் எவ்வளவு உயர்ந்தது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.