ஒப்பனையும் உண்மையும்

சந்தைக்குச் செல்வோர் கத்தரிக்காயைக் கையில் எடுத்துப் பார்ப்பர். அரிசியை உள்ளங்கையில் பரப்பி நோக்குவர். வெல்லத்தைக் கிள்ளி வாயிலிட்டுச் சுவைப்பர். இவ்வாறு தெளிந்த பின்னரே விலை பேசுவர். அங்கே பொருளே தன் தரத்திற்குச் சான்றாக நிற்கின்றது.

இன்றைய வாணிகம் சந்தையைக் கடந்து கைப்பேசிக்குள்ளும் புகுந்துவிட்டது. ஊறுகாய் செய்யும் பெண்மணியும் தறி நெய்யும் தொழிலாளியும் தம் பொருளைப் படம் பிடித்துச் சமூக ஊடகங்களின் வழியே உலகிற்குக் காட்டுகின்றனர். பெரும்பணம் செலவிட்டு விளம்பரம் செய்ய இயலாதவர்க்கு இஃது ஓர் அரிய வாய்ப்பாகும். ஆனால், வாங்குவோர் இங்குப் பொருளைத் தொட்டுப் பார்த்தல் இயலாது. படத்தையும் சொல்லையுமே நம்பிப் பணம் அனுப்புகின்றனர். ஆதலின், அவ்விரண்டும் உண்மையாக இருத்தல் வேண்டும்.

இதனை மறந்து, ஒப்பனை ஒன்றே போதும் எனக் கருதுவாரும் உளர். அவர்தம் படத்தில் சேலையின் நிறம் மிகுத்துக் காட்டப்படும்; சிறிய பொருள் பெரிதாகத் தோன்றும். கண்டோர் பலர் வாங்குவர். பொதியைப் பிரித்ததும் ஏமாற்றம் அடைவர். ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை வாரார். தாம் பட்டதைப் பிறர்க்கும் உரைப்பர். ஒப்பனையால் வந்த வாணிகம், ஒப்பனை கலைந்ததும் அகன்றுவிடும்.

உண்மையால் உயர்ந்தவர்க்கு எடுத்துக்காட்டு நம் நாட்டிலேயே உண்டு. புதுக்கோட்டை மாவட்டத்தில் சின்னவீரமங்கலம் என்பது ஒரு சிற்றூர். அவ்வூரைச் சேர்ந்த பெரியதம்பி என்னும் முதியவர் சமையல் தொழிலில் பழகியவர். அவரும் அவருடைய பேரன்மார் ஐவரும் 2018ஆம் ஆண்டில் 'வில்லேஜ் குக்கிங் சானல்' என்னும் பெயரில் யூடியூபில் சமையற் காட்சிகளை வெளியிடத் தொடங்கினர். அவர்கள் அலங்கார மேடை அமைக்கவில்லை. வயல்வெளியே அடுக்களை ஆயிற்று. விறகே எரிபொருள் ஆயிற்று. அம்மியில் மசாலை அரைத்தனர். பெரிய பாத்திரங்களில் சமைத்தனர். இன்ன பொருளைச் சேர்க்கின்றோம் என உரத்த குரலில் கூறினர். சமைத்த உணவை முதியோர்க்கும் ஆதரவற்றோர்க்கும் வழங்கினர். 2021ஆம் ஆண்டில் அதன் சந்தாதாரர் தொகை ஒரு கோடியை எட்டியது. தமிழ் யூடியூப் சானல்களுள் இவ்வெண்ணிக்கையை முதலில் அடைந்தது அதுவே. அவ்வாண்டில் அவர்கள் முதலமைச்சரின் நிவாரண நிதிக்குப் பத்து இலட்சம் ரூபாய் வழங்கினர்.

எளிமை என்பது கவனக்குறைவு அன்று. அவர்தம் படங்கள் தெளிவானவை; தேவையற்ற பகுதிகள் நீக்கிச் செப்பம் செய்யப்பட்டவை. ஆயின், அச்செப்பம் உண்மையை மறைக்கவில்லை, விளங்கச் செய்தது. கண்ணாடியைத் துடைப்பது வேறு. அதன்மேல் வண்ணம் பூசுவது வேறு. முன்னது உள்ளதைக் காட்டும். பின்னது உள்ளதை மறைக்கும்.

எளிமையே வேடமாவதும் உண்டு. பணம் பெற்றுக்கொண்டு, தாமே விரும்பி வாங்கியதுபோல ஒரு பொருளைப் புகழ்வோர் இத்தகையோர். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மக்களைத் தவறான வழியில் செலுத்தும் விளம்பரங்களுக்குத் தண்டம் விதிக்க இடமளிக்கின்றது. பணமோ பரிசோ பெற்றுப் பொருளைப் பரிந்துரைப்போர் அதனை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும் என இந்திய அரசு 2023ஆம் ஆண்டில் நெறிமுறை வகுத்தது.

எனினும், சட்டத்திற்கு அஞ்சி உரைக்கும் உண்மையினும் இயல்பாக உரைக்கும் உண்மையே சிறந்தது. ஊறுகாயில் காரம் மிகுதி எனின், அதனை முன்னரே சொல்லும் வணிகர் சிலரை இழக்கலாம். எஞ்சியோர் அவரை என்றும் நம்புவர். அந்நம்பிக்கையே வணிகரின் குறையாத முதலாகும்.